சக்கரத்தின் ‘ஆஃப்செட்’: தமிழில் என்ன சொல்வது?

மடல் 1: கோயம்புத்தூரிலிருந்து

கலைச்சொல் அகராதிக் குழுவினருக்கு வணக்கம்.

வாகனக் கலைச்சொற்களில் ‘ஆஃப்செட்’டுக்கு, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைக் காட்டும் எண்ணுக்கு, நாம் இன்னும் ஒரு சொல்லை முடிவு செய்யவில்லை. அதனால் என் தம்பிக்கு இரண்டு டயர் நட்டம். மிகைப்படுத்தவில்லை, கணக்கோடு சொல்கிறேன்.

தம்பியிடம் இருப்பது ஒரு செடான். அதோடு வந்த சக்கரம் 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் கொண்டது. ஆஃப்செட் 45. டயர் 185/60 ஆர்15, அதாவது அகலம் 185 மி.மீ., பக்க உயரம் அதில் 60 விழுக்காடு, உள்விட்டம் 15 அங்குலம். அவன் முதலில் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 35 மில்லிமீட்டர் தாழ்த்தினான். பிறகு 17 அங்குல அலாய் சக்கரம் வாங்கினான்: அகலம் ஏழரை அங்குலம், ஆஃப்செட் 38, டயர் 205/45 ஆர்17. கடையில், “45க்கும் 38க்கும் ஏழு மில்லிமீட்டர்தானே, ஒன்றும் ஆகாது” என்றார்கள். எண் குறைந்திருப்பதால் சக்கரம் ஏழு மில்லிமீட்டர் உள்ளே போகும் என்று தம்பி புரிந்துகொண்டான்.

உண்மை நேர்மாறானது. சக்கர அகலத்தின் நட்டநடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அச்சுக் குடத்தோடு (ஹப்) சக்கரம் ஒட்டி அமரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். அமரும் முகம் கோட்டுக்கு வெளிப்பக்கம், அதாவது தெருப்பக்கம், இருந்தால் எண் நேர்மம். அப்படியானால் எண் கூடக்கூடச் சக்கரம் வண்டிக்குள் போகும், எண் குறையக்குறைய வெளியே வரும். போதாததற்கு அகலமும் கூடியிருக்கிறது. பழைய சக்கரத்தின் பாதி அகலம் 76.2 மி.மீ. அதில் 45 போக, வெளிவிளிம்பு அமரும் முகத்திலிருந்து 31.2 மி.மீ. வெளியே நின்றது. புதியதில் பாதி அகலம் 95.25, அதில் 38 போனால் 57.25. கடைக்காரர் ஏழு என்றார், தம்பி அதையும் உள்பக்கமாக நினைத்தான், விளிம்போ 26 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கிறது. உள்பக்கமும் சும்மா இருக்கவில்லை: 121.2 இருந்த இடத்தில் 133.25. ஷாக் அப்சார்பரை நோக்கி 12 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது.

டயரின் உயரமும் மாறியிருக்கிறது. பழைய டயரின் மொத்த விட்டம் 603 மி.மீ., புதியதின் விட்டம் 616. ஆரத்தில் ஆறரை மில்லிமீட்டர் கூடுதல், அதோடு தாழ்த்திய 35. மட்கார்டு வளைவுக்கும் டயரின் உச்சிக்கும் இடையே இருந்த வெளியில் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் காணாமல் போயிற்று. தனியாக ஓட்டும்போது தெரியவில்லை. அத்தையும் மாமாவும் அவர்கள் மகனும் பின்னிருக்கையில் உட்கார்ந்து, வண்டி மேம்பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியபோது பின்பக்கத்தில் துணி கிழிவது போல ஒரு சத்தம். மட்கார்டின் உள்மடிப்புத் தகடு இரண்டு பின் டயர்களின் தோளையும் வெற்றிலைக் காம்பு கிள்ளுவது போலக் கிள்ளி எடுத்திருந்தது. அத்தை இன்றுவரை அந்த வண்டியில் ஏறவில்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன். அச்சுத் தொழிலில் ஆஃப்செட்டுக்கு ‘மறுதோன்றி’ என்று முன்னோர் வைத்துவிட்டார்கள். தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும், விரிப்பிலிருந்து தாளுக்கும் உருவம் மறுபடி தோன்றுவதால் அங்கே அது மிகப் பொருத்தம். அதையே சக்கரத்துக்கும் ஒட்டினால் சிரிப்பார்கள். ஒரே ஆங்கிலச் சொல் என்பதால் ஒரே தமிழ்ச் சொல் வேண்டியதில்லை.

‘மையவிலகல்’ என்று முன்பொருமுறை நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் அச்சமே உண்டு. சக்கரத்தின் மையம் என்றால் யாரும் வட்டத்தின் நடுப்புள்ளியைத்தான் நினைப்பார்கள். அந்த மையம் விலகினால் சக்கரம் குலுங்கும். அது வேறு நோய். நாம் பேசும் விலகல் அச்சின் நீளவாக்கில் நடப்பது. ‘நடுவிலகல்’ என்றால் சற்றுத் தேவலை. ஆனாலும் எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை அது சொல்வதில்லை. தம்பி விழுந்தது அந்தப் பள்ளத்தில்தான்.

சக்கரத்தின்மேல் பொறித்திருக்கும் ‘இ.டி.’ என்ற இரண்டெழுத்து ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். ‘ஐன்பிரெஸ்டீஃபெ’, அழுத்திப் பதித்த ஆழம் என்று பொருள். பாருங்கள், அவர்கள் ஆழம் என்று சொல்லிவிட்டார்கள். ஆழம் கூடினால் உள்ளே போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அந்தக் குறிப்பு தொலைந்துவிட்டது. நாம் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் தொலைந்ததையே மொழிபெயர்ப்போம்.

என் முன்மொழிவு: ‘உள்வாங்கு’. கடல் உள்வாங்கியது என்கிறோம், தெருவிலிருந்து உள்வாங்கிக் கட்டிய வீடு என்கிறோம். “இந்தச் சக்கரத்தின் உள்வாங்கு 45” என்றால், 45 அளவுக்கு உள்ளே வாங்கியிருக்கிறது. 38 என்றால் அவ்வளவு வாங்கவில்லை, ஆகவே வெளியே நிற்கும். எண்ணையும் திசையையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

கூடவே ஒன்று. டயரும் மட்கார்டும் வெளிப்பக்கம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் இப்படி மாற்றுகிறவர்களின் ஆசை. ஜப்பானியர் இதற்குப் புதுச்சொல் படைக்கவில்லை. இரண்டு பரப்புகள் மேடுபள்ளமில்லாமல் ஒரே முகமாகச் சேர்வதற்குத் தச்சர்கள் சொல்லும் ‘த்ஸுராஇச்சி’யை எடுத்துக் காருக்கு மாட்டிவிட்டார்கள். நமக்கு ‘முகமட்டம்’ சரிவருமா?

மடல் 2: திருச்சியிலிருந்து

தம்பி, உன் மடல் கண்டேன். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் நடத்தி ஓய்வு பெற்றவன். கணக்கு சரி. சொல்லில்தான் எனக்குத் தயக்கம்.

முதலாவது, ‘உள்வாங்கு’ ஏவல் போல ஒலிக்கிறது. அடி, வெட்டு, தட்டு என்று வினையடியே பெயராவது தமிழில் உண்டு என்பாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை புழங்கித் தேய்ந்த சொற்கள். புதுச்சொல்லை அந்த அச்சில் வார்த்தால் மாணவன் வாக்கியத்தில் தடுமாறுவான். இரண்டாவது, ‘பாடத்தை உள்வாங்கினான்’ என்று ஆசிரியர்கள் நாள்தோறும் சொல்கிறோம். மூன்றாவதுதான் முக்கியம்: எண் எதிர்மமாக இருந்தால் என்ன செய்வாய்? சில ஜீப், பிக்கப் வண்டிகளுக்கு எதிர்ம ஆஃப்செட் சக்கரம் போடுகிறார்கள். ‘உள்வாங்கு கழித்தல் 12’ என்பது கேட்க நன்றாகவா இருக்கிறது?

என் சொல் ‘குடவாழம்’. மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே இருப்பது குடம், அதிலிருந்து கிளம்புவது ஆரக்கால், ஆரக்காலைச் சுற்றி வட்டை, வட்டைமேல் இரும்புப் பட்டா. இத்தனை சொற்களைத் தச்சனும் கொல்லனும் செதுக்கி வைத்திருக்கும்போது நாம் ஏன் வெறுங்கையோடு தொடங்க வேண்டும்? குடம் சக்கரத்துக்குள் எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது என்பது குடவாழம். நீயே சொன்ன ஜெர்மானியச் சொல்லுக்கும் இதுதான் நெருக்கம்.

சொல்லைத் தாண்டி ஒரு வார்த்தை. ஆஃப்செட்டைக் குறைத்தால் உரசல் மட்டுமல்ல, சக்கரத்தின் தாங்குகோடு (எடை தரையில் இறங்கும் கோடு) பேரிங்கை விட்டு வெளியே நகர்கிறது. நெம்புகோல் நீள்கிறது, பேரிங் சீக்கிரம் தேயும். முன்சக்கரமானால் ஸ்டீயரிங் மேடுபள்ளத்தில் கையைப் பிடித்து இழுக்கும். வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் கேட்கமாட்டார்கள், அழகு கெட்டுவிடும் என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் உன் தம்பிக்குக் காட்டு. உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அந்தப் பிரிவை வைத்துச் சொல்லியிருக்கிறது.

மடல் 3: டொரான்டோவிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வந்தவன். எங்களுக்குச் சக்கரம் என்பது ‘சில்லு’. ரயர், சில்லு என்றுதான் இன்றும் பேசுகிறோம். அகராதியில் சக்கரத்தோடு சில்லையும் ஒரு பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இந்த நாட்டில் பனிக்காலத்துக்குத் தனியாக நான்கு சில்லுகள் வைத்திருப்பவர்கள் பலர். பழைய இரும்புச் சில்லு வாங்கும்போது எனக்கு வந்த சிக்கல் உங்கள் தம்பியின் சிக்கலுக்கு நேரெதிர். எண் கூடிய சில்லு அகப்பட்டது, மாட்டினால் பிரேக் கலிப்பரில் முட்டியது. எண்ணைப் பற்றி நான் அன்று எதுவும் அறியேன். விற்ற மனிதர் ஒரு நேர்க்கோலைச் சில்லின் பின்விளிம்புக்குக் குறுக்கே வைத்தார். கோலிலிருந்து அமரும் முகம் வரை நாடாவால் அளந்தார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்குத் தனிப்பெயர் இருக்கிறது. தமிழில் ‘பின்னாழம்’ என்று வைக்கலாம்.

என் எண்ணம், கடையில் நிற்கிறவனுக்குப் பின்னாழம் தான் வேண்டும். ஆஃப்செட்டை யாரும் நாடாவால் நேரே அளக்க முடியாது, பின்னாழத்திலிருந்து மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால்தான் கிடைக்கும். கவனம்: மொத்த அகலம் என்பது சில்லில் எழுதியிருக்கும் அகலமல்ல. எழுதியிருப்பது ரயரின் அடி உட்காரும் இரண்டு இடங்களுக்கு நடுவிலான அகலம். விளிம்புத் தடிப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு அங்குலம் கூடும். ஏழரை என்று எழுதியது எட்டரை இருக்கும், அதாவது 216 மி.மீ. பாதி 108. உங்கள் தம்பியின் 38ஐக் கூட்டினால் பின்னாழம் 146 வர வேண்டும். அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குடவாழம் நல்ல சொல். ஆனால் முதலில் வாசித்தபோது நான் தண்ணீர்க் குடத்தைத்தான் நினைத்தேன், மன்னிக்கவும்.

மடல் 4: கோயம்புத்தூரிலிருந்து

ஐயாவுக்கும் டொரான்டோ நண்பருக்கும் நன்றி. அளந்தேன், 146 வந்தது. விளிம்புத் தடிப்பை நான் மறந்தே போயிருந்தேன். முந்தைய கணக்கில் பழையது புதியது இரண்டிலும் அது விட்டுப்போனதால் வித்தியாசம் மாறவில்லை, பிழைத்தேன்.

‘பின்னாழம்’ அப்படியே ஏற்கத்தக்கது. அளக்கும் முறையே அதன் பெயராக இருக்கிறது. ‘குடவாழம்’ பற்றி நான் இரண்டு நாள் யோசித்தேன். வண்டிச்சொற்களிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஐயாவின் நெறி எனக்கும் உடன்பாடு. நடுத்துளை குடத்துக்குப் பொருந்தாத சக்கரத்தில் செருகும் பிளாஸ்டிக் வளையத்துக்குக் ‘குடவளையம்’ என்று இதே வழியில் வைத்துவிடலாம், நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்துக்கு ‘ஆணிவட்டம்’. ஆனால் ‘பின்னாழம்’, ‘குடவாழம்’ என்று இரண்டு ஆழங்கள் ஒரே பக்கத்தில் நின்றால் படிப்பவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வார். ஒன்று 146, மற்றது 38. மாறிப்போனால் இன்னும் இரண்டு டயர் போகும்.

நேற்று வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனபோது ஒரு சோதனை செய்தேன். விளக்கம் எதுவும் சொல்லாமல், “இதன் உள்வாங்கு 45, அதன் உள்வாங்கு 38. ஒரே அகலமாக இருந்தால் எது வெளியே நிற்கும்?” என்று கேட்டேன். நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலேயே, “38” என்றார். பக்கத்தில் இருந்த இளைஞர், “உள்வாங்குவது என்றால் காற்று இறங்குவதா அண்ணா?” என்று கேட்டார். ஒருவர் தேறினார், ஒருவர் தேறவில்லை. ‘குடவாழம்’ என்றும் கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஐயா சொன்ன ஏவல் குறையும், அந்த இளைஞரின் ஐயமும் ‘அளவு’ சேர்த்தால் தீர்கின்றன. உள்வாங்கு அளவு, புணர்ந்தால் ‘உள்வாங்களவு’. எதிர்மத்துக்கு நான் அஞ்சவில்லை. வெப்பநிலை கழித்தல் ஐந்து என்று செய்தித்தாள் எழுதுகிறது, உறைகுளிருக்கு வேறு பெயர் தேடுவதில்லை. ஆனாலும் பேச்சில் ‘12 வெளித்தள்ளல்’ என்று ஒருவர் சொன்னால் தடுக்க வேண்டாம்.

‘முகமட்டம்’ பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜப்பானில் 2017இல் விதியைத் தளர்த்தி, டயரின் விலாப்பகுதி மட்கார்டைத் தாண்டிப் பத்து மில்லிமீட்டருக்குள் துருத்தினால் அதைத் துருத்தலாகக் கொள்வதில்லை என்று ஆக்கினார்கள். ஆகவே முகமட்டத்தை எழுதும்போது ‘துருத்தல்’ என்பதற்கும் ஒரு பதிவு தேவைப்படும். அதைத் தனி மடலில் தொடங்குகிறேன்.

இந்த மடலுக்கான பதிவு, திருத்தத்துக்கு:

உள்வாங்களவு (பெயர்ச்சொல்): சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அச்சுக் குடத்தில் அமரும் முகம் வரை உள்ள தொலைவு, மில்லிமீட்டரில். அமரும் முகம் வெளிப்பக்கம் இருந்தால் நேர்மம், உள்பக்கம் இருந்தால் எதிர்மம். சக்கரத்தில் ‘இ.டி.’ என்ற எழுத்துகளுக்கு அருகே பொறித்திருக்கும். எண் கூடினால் சக்கரம் வண்டிக்குள் செல்லும். அகலம் மாறினால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. 10 மி.மீ. ஸ்பேசர் (குடத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே செருகும் வளையம்) இட்டால் உள்வாங்களவு 10 குறையும்.

ஸ்பேசருக்கு ‘இடைத்தகடு’ என்று எழுதி, அடித்துவிட்டேன். தகடு என்றால் தம்பிக்கு இப்போது மட்கார்டின் மடிப்புதான் நினைவுக்கு வருகிறதாம். ஐயாவிடம் தச்சர் சொல் ஏதாவது இருக்கிறதா?