அகிதா மலையில் வெந்நீர் ஊற்று விடுதி: போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரியில் நான், மனைவி, அம்மா மூவரும் ஜப்பான் போகிறோம். நடுவில் ஓர் இரவு அகிதா மாகாணத்தில், நியூதோ ஒன்சென் பகுதியிலுள்ள ட்சுருநோயு விடுதியில் தங்க ஆசை. கூரை வேய்ந்த பழைய கட்டடம், அறை நடுவே கரி அடுப்பு, வெளியே பனிக்கு மத்தியில் பால் வெள்ளையாக வெந்நீர்க் குளம். படம் பார்த்ததிலிருந்து மனைவிக்கு வேறு பேச்சே இல்லை.

வழி புரிந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கொமாச்சி புல்லட் ரயிலில் தசாவாகோ, சுமார் 3 மணி நேரம். அப்புறம் பஸ். முன்கூட்டியே சொன்னால் வழியில் ஒரு நிறுத்தத்துக்கு விடுதி வண்டி வருமாம்.

சிக்கல் சாப்பாட்டில்தான். அம்மா சுத்த சைவம். அங்கே இரவில் உப்பு தடவிச் சுட்ட ஆற்று மீனும், மலைக்கிழங்கு உருண்டை போட்ட சூடான குழம்பும். கிழங்குதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஜப்பானில் குழம்புக்கு அடிப்படையே பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கிய தாஷி சாறு. "வெறும் சோறும் ஊறுகாயும் போதும்டா" என்கிறார் அம்மா. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முன்பதிவில் சொன்னால் தாஷி இல்லாமல் செய்து தருவார்களா? புளிக்காய்ச்சல் கொண்டுபோய் அறையில் சாப்பிட்டால் தப்பாக நினைப்பார்களா?

இன்னொன்று, குளியல். உடை இல்லாமல்தான் இறங்க வேண்டும், சரி. பெரிய திறந்தவெளிக் குளம் ஆண், பெண் இருவருக்கும் பொது. பெண்களுக்குத் தனிக் குளமும் உண்டு. அதிலும் கூச்சப்படுகிறார் அம்மா. கூட்டம் குறைவான நேரம் எது? பக்கத்து விடுதிகளில் குடும்பமாக வாடகைக்கு எடுக்கும் தனிக் குளியலறை இருக்கிறதா? முழங்கால் வலிக்காரர் தரை மெத்தையில் சமாளிப்பாரா என்பதையும் சொல்லுங்கள்.