மும்பை மழைக்காலத்தில் லிமிட்டெட் எடிஷன் சிகார்: கசப்பு எங்கிருந்து வருகிறது?

(செம்பூர், மாட்டுங்கா, சயான் மும்பையின் பகுதிகள். இங்கே பேசுபவர்களுக்கு அவரவர் பகுதியே பெயர்.)

செம்பூர்:

ஜூலை மாத மும்பையில் விலை உயர்ந்த சிகார் கசந்தால், இலையைக் குறை சொல்லாதீர்கள். ஈரத்தைப் பாருங்கள். கியூபாவின் எடிசியோன் லிமிதாடா (லிமிட்டெட் எடிஷன்) வரிசையில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். 2000-இல் தொடங்கிய வரிசை அது. ராப்பர், அதாவது வெளியே சுற்றும் இலை, குறைந்தது இரண்டு வருடம் பதப்பட்டிருக்கும். 2007 முதல் உள்ளே நிரப்பும் ஃபில்லர் இலைக்கும் அதைக் கட்டிப் பிடிக்கும் பைண்டர் இலைக்கும் அதே இரண்டு வருடம். ராப்பர் இலை செடியின் மேல்பகுதியில் பறித்தது என்பதால் கறுத்து, தடித்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். அது ஈரம் குடித்துவிட்டால் மெதுவாகத்தான் தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் இலை முன்னால் எரிந்துபோய் நடுவில் சுரங்கம் விழும். அணையாமல் இருக்க நாம் அடிக்கடி இழுப்போம், சூடு ஏறும், தார் சேரும், நாக்கு கசக்கும். ஆக, 70 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்லும் பழைய கணக்கு இங்கே வேண்டாம். 65 போதும்.

மர ஹ்யூமிடார் (சிகார் வைக்கும் பெட்டி) பார்க்க அழகு, அவ்வளவுதான். மூடி இடுக்கு வழியே மழைக்காற்று உள்ளே போகும். நாலு பக்கமும் கிளிப் போடும் ரப்பர் வளைய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு சீடர் பலகைத் துண்டு, 65 என்று போட்ட, ஈரத்தை விடவும் உறிஞ்சவும் செய்யும் இருவழி ஈரப்பதப் பாக்கெட். 25 சிகாருக்கு ஒரு 60 கிராம் பாக்கெட் சரியாக இருக்கும்.

மாட்டுங்கா:

அண்ணே சொன்னது சரி, ஆனால் டப்பாவில் வைக்கும் ஈரப்பத மீட்டரை நம்புமுன் சோதித்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடியில் உப்பு போட்டு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரையக்கூடாது, சேறு மாதிரி இருக்க வேண்டும். மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் மூடி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் மீட்டர் நாலு கூட்டிச் சொல்கிறது. (மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு தானே சேறாகித்தான் கிடக்கும், தண்ணீரைப் பார்த்து விடுங்கள்.)

54 ரிங் தடிமன் என்றால் நான் 65-லிருந்து நேராக எடுத்துப் பற்றவைக்கச் சொல்லமாட்டேன். கியூபாவின் கோஹிபா பிராண்டில் வந்த தலிஸ்மான் 2017 மாதிரி 154 மில்லிமீட்டர் நீளம், 54 ரிங். ரிங் ஒன்று அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஆக விட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அத்தனை தடிமனில் நடுப்பகுதி காய நேரம் பிடிக்கும். பாக்கெட் இல்லாத வெறும் சீடர் பெட்டியில், ஏசி ஓடும் அறையில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கி மீண்டு வரவேண்டும். சொதசொதவென்று இருந்தால் இன்னும் ஒரு நாள். நறநறவென்று சத்தம் வந்தால் அதிகமாகக் காய்ந்துவிட்டது.

எல்லோரும் தவறும் இடம் இது: 22 டிகிரி ஏசி அறையிலிருந்து நேராகப் பால்கனிக்கு வருவது. வெளியே 30 டிகிரி, 85 சதவீத ஈரம் என்றால் 27 டிகிரியிலேயே காற்றில் உள்ள ஈரம் நீராகத் தொடங்கும். குளிர்ந்த ராப்பரில் பனி மாதிரி நீர் படியும், சற்று நேரத்தில் வெடிக்கும். சிகாரை மூடிய டப்பாவிலேயே வைத்து வெளியே கொண்டு வாருங்கள். அரைமணி கழித்துத் திறங்கள்.

செம்பூர்:

ஏசி இல்லாத அறையில் வைப்பவர்களுக்கு வண்டு ஒரு கவலை. 24 டிகிரிக்கு மேல் போனால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிய வாய்ப்பு அதிகம். மும்பையில் வருடத்தில் பெரும்பகுதி அந்தச் சூடுதான். சந்தேகம் இருந்தால் இரட்டை ஜிப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி ஃப்ரிட்ஜில் ஒரு நாள். நேராக ஃப்ரீசரில் போட்டால் ராப்பர் கீறும்.

சயான்:

வெட்டுவதும் பற்றவைப்பதும் பற்றி. வாயில் வைக்கும் நுனியை மூடிய தொப்பி இலையின் கோட்டுக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். கோட்டைத் தாண்டினால் ராப்பர் சுருள் பிரிந்துவிடும். இந்தத் தடிமனுக்குப் பஞ்ச் (ஓட்டை போடும் கருவி) வேண்டாம், சின்ன ஓட்டையில் தார் ஒரே இடத்தில் குவியும். நம்ம உறையூர்ச் சுருட்டைப் பற்றவைக்கும் அவசரமும் இங்கே ஆகாது. பெட்ரோல் வாசம் அடிக்கும் லைட்டர் கூடாது, பியூட்டேன் போதும். தீ இலையைத் தொடாமல், சிகாரைச் சுற்றிச் சுற்றி விளிம்பை வாட்டுங்கள். விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகுதான் முதல் இழுப்பு. மேலே ஃபேன் சுற்றினால் ஒரு பக்கம் மட்டும் ஓடி எரியும். ஃபேனை நிறுத்துங்கள், பின்தங்கிய பக்கத்தில் மட்டும் தீயைக் காட்டுங்கள்.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. சிகார் விரலில் சுட்டால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். பாதியில் கசந்தால் தூக்கி எறிய வேண்டாம்: சாம்பலைத் தட்டி, தீயை நுனிக்கருகில் பிடித்து, உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதுங்கள். தேங்கிய புகை போய்விடும்.

சுவையை எழுதி வைப்பவர்களுக்கு: முதல் ஒரு சென்டிமீட்டரை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அதில் காரம்தான் முன்னால் நிற்கும். இரண்டாவது பகுதியில்தான் கறுத்த ராப்பரின் கருப்பட்டி இனிப்பும் வறுத்த காப்பிக்கொட்டை வாசமும் தெரியும். புகையை நுரையீரலுக்குள் இழுக்காமல், கொஞ்சம் மட்டும் மூக்கு வழியே விட்டால் வாசம் இன்னும் துலங்கும். பால் காப்பி நாக்கில் படலம் போடும், தண்ணீரே மேல்.

மாட்டுங்கா:

வெறும் வயிற்றில் வேண்டாம் தம்பி. உள்ளே இழுக்காவிட்டாலும் வாய் வழியே நிகோடின் ஏறும். தலை சுற்றி வியர்த்தால் வைத்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். வாய்ப்புற்று அபாயமும் உண்டு, பெட்டியின் 85 சதவீதத்தை மறைக்கும் அந்தப் படம் சும்மா போட்டதில்லை.

அந்தப் படம் இல்லாமல் இங்கே கடையில் விற்கும் பெட்டி முறையாக வந்ததில்லை. கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், போலி. கோஹிபா அப்படி வருவதே கிடையாது. வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டு வருவதானால், சுங்க வரி இல்லாமல் 25 சிகார் வரை.