அம்பாசடர் இன்ஜின்ல அடிச்ச பெயிண்ட் பெட்ரோல் பட்டா கரையுது, என்ன பெயிண்ட் அடிக்கலாம்?

மார்க்டூ ஈரோடு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்ககிட்ட 1972 அம்பாசடர் மார்க் 2 இருக்கு. ரீபோர் வேலைக்கு (சிலிண்டரைக் கடைஞ்சு அகலமாக்கறது) இன்ஜினை இறக்கினப்பவே, பழைய பெயிண்டைச் சுரண்டிட்டு புதுசா அடிச்சேன். கடையில "இன்ஜின் பெயிண்ட், ஹை டெம்பரேச்சர்"னு சொல்லிக் குடுத்த ஸ்ப்ரே கேன்தான். அடிச்சப்ப பார்க்க அம்சமா இருந்துச்சு. ஸ்டாண்டுல வச்சு ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் பார்த்தோம். கார்புரேட்டருக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்ட் கொழகொழன்னு ஆயிடுச்சு. வேஸ்ட் துணியால துடைச்சா பச்சைக் கலர் அப்படியே துணிக்கு வருது, அடியில இரும்பு தெரியுது. பெட்ரோல் படாத இடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

பெயிண்டர் "டூகோ அடிச்சிரலாம்"ங்கறார். ஹார்டுவேர் கடைக்காரர் 600 டிகிரி தாங்கும் சில்வர் பெயிண்டை நீட்டறார். பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாத்தையும் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கறது) குடுன்னு சொல்றார். பிளாக், டேப்பெட் கவர் (இன்ஜின் மேல்மூடி), ஏர் கிளீனர், பெட்ரோல் டேங்க்கோட வெளிப்பக்கம் இவ்வளவும் அடிக்கணும். எதை நம்பறது?

பட்டறை கோவை:
தம்பி, மூணு பேரும் மூணு வேற வேலைக்கான பெயிண்டைச் சொல்லியிருக்காங்க. சூடு தாங்கறது வேற, பெட்ரோல் தாங்கறது வேற. கேன் மேல போட்டிருக்கற டிகிரிக் கணக்கு பெட்ரோலைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது. நீங்க அடிச்சது ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கறதுக்குக் கலக்கற திரவம்) கலக்காத ஒத்தை டப்பா பெயிண்ட்தானே?

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கார்புரேட்டருக்குக் கீழ பெட்ரோல் ஏன் வருது?

மார்க்டூ ஈரோடு:
ஆமாங்கண்ணா, ஹார்டனர் எதுவும் இல்லை. பெட்ரோல் கொஞ்சம் கசியுது, பழைய வண்டின்னா அப்படித்தான்னு மெக்கானிக் சொல்லிட்டார்.

வேதியியல் வாத்தியார்:
ஹார்டனர் இல்லாத ஸ்ப்ரே பெயிண்ட் பெரும்பாலும் தின்னர் ஆவியாகிப் போறதாலதான் இறுகுது. அதே மாதிரி ஒரு கரைப்பான் திரும்ப மேல பட்டா மறுபடி இளகிடும். டூகோங்கற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் இதே ஜாதிதான், எத்தனை வருஷம் ஆனாலும் அதோட தின்னர்ல கரையும். சாதா எனாமல் கொஞ்சம் பரவாயில்லை, காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து இறுகும். ஆனா அதுவும் பெட்ரோல்ல ஊறினா பொங்கி உரியும்.

உங்களுக்கு வேண்டியது ரெண்டு டப்பா பெயிண்ட், அதாவது பெயிண்ட் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பான்னு கலந்து அடிக்கறது. 2கே பி.யு. (பாலியூரித்தேன்)ன்னு கேட்டா காருக்குப் பெயிண்ட் விக்கற எந்தக் கடையிலயும் தெரியும். பெயிண்டும் ஹார்டனரும் சேர்ந்ததும் உள்ளுக்குள்ள வலை பின்னின மாதிரி பிணைஞ்சிக்கும். அந்தப் பிணைப்பு உருவாயிட்டா பெட்ரோல் அதைக் கரைக்க முடியாது. அடியில ப்ரைமரும் 2கே எபாக்ஸியாவே இருக்கட்டும். ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடிச்சு அதுக்கு மேல பி.யு. அடிச்சா, பி.யு. தின்னரே அடி ப்ரைமரைக் கிளப்பி சுருக்கம் சுருக்கமா ஆக்கிடும்.

பழைய மெக்கானிக் சேலம்:
நாங்க முப்பது வருஷமா சாதா எனாமல்தான் பிரஷ்ல அடிச்சோம். ஒண்ணும் ஆகலை.

வேதியியல் வாத்தியார்:
ஐயா, அப்ப பெட்ரோல் வேற. 2023 பிப்ரவரியில சில பங்க்குகள்ல ஆரம்பிச்ச இ20 இப்ப கிட்டத்தட்ட எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. நூத்துல இருபது பங்கு வரைக்கும் எத்தனால். அது பெயிண்டையும் சும்மா விடாது, பழைய ரப்பரையும் சும்மா விடாது. ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும். ரொம்ப நாள் ஓட்டாம நிறுத்தின வண்டியில கார்புரேட்டரைக் கழட்டினா உள்ள வெள்ளையாப் பூத்துக் கிடக்கறதைப் பார்த்திருப்பீங்களே.

பழைய மெக்கானிக் சேலம்:
அது உண்மைதான். போன மாசம் ஒரு ஃபியட்ல பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் (உள்ள இருக்கற ரப்பர் சவ்வு) அப்பளம் மாதிரி விறைச்சுப் போய் வந்துச்சு.

பட்டறை கோவை:
ஈரோடு தம்பிக்கு. அம்பாசடர்ல இருக்கறது பி.எம்.சி. பி-சீரிஸ் 1489 சிசி இன்ஜின். அதுல இன்டேக்கும் (பெட்ரோல் கலந்த காத்து உள்ள போற வழி) எக்ஸாஸ்டும் (புகை வெளிய வர்ற வழி) ஒரே பக்கம். கார்புரேட்டர்ல கசியறது நேரா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையைச் சேர்த்து வெளிய விடற குழாய்) பக்கம்தான் இறங்கும். மேட்டுல இழுக்கறப்ப மேனிஃபோல்டு சூடு 300 டிகிரியைத் தாண்டும். "பழைய வண்டின்னா அப்படித்தான்"னு விடற விஷயம் இல்லை இது. முதல்ல அதை நிறுத்துங்க, பெயிண்ட் அப்புறம்.

கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்கற ஃப்ளோட் சேம்பரைத் திறங்க. உள்ள மிதக்கற பித்தளை ஃப்ளோட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க. உள்ள தளக் தளக்னு சத்தம் வந்தா ஓட்டை, பெட்ரோல் ஏறியிருக்கு. சத்தம் வரலைன்னா வெந்நீர்ல முக்கிப் பிடிங்க, ஊசிமுனை ஓட்டையா இருந்தாலும் குமிழி வரும். ஃப்ளோட் நல்லா இருந்தா பெட்ரோல் வரத்தை மூடித் திறக்கற நீடில் வால்வு முனையைப் பாருங்க, வளையம் மாதிரி தேஞ்சிருந்தா மாத்திருங்க.

மார்க்டூ ஈரோடு:
அண்ணா, ஃப்ளோட் சரியா இருக்கு. நீடில் முனையில நீங்க சொன்ன வளையம் அப்படியே இருக்குங்க! செட்டோட மாத்தறேன். சரி, பி.யு.வை மேனிஃபோல்டுலயும் அடிக்கலாமா?

பட்டறை கோவை:
கூடாது. பி.யு. சுமார் 120 டிகிரி வரைக்கும்தான் நம்பலாம். பிளாக்குக்கு அது தாராளம். மேனிஃபோல்டுல கருகி உரிஞ்சிடும். அங்க ஹார்டுவேர் கடைக்காரர் காட்டின சில்வர் சரி, அது சிலிகான் பெயிண்ட். ஆனா அது சூட்டுலதான் முழுசா இறுகும். அடிச்ச அன்னைக்கே பெட்ரோல் துணியால துடைச்சா கையோட வந்துடும். இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமா சூடேத்தி ஆறவிட்டு ஓட்டுங்க.

கார்புரேட்டர் பாடிக்கு பெயிண்டே வேண்டாம். சுத்தம் பண்ணி அப்படியே விடுங்க. உள்ள துளியூண்டு பெயிண்ட் போனாலும் ஜெட் (பெட்ரோல் பாயற சின்னத் துளை) அடைச்சுக்கும். டேங்க்குக்கு உள்ளயும் பெயிண்ட் போகக் கூடாது.

பவுடர்கோட் திருப்பூர்:
பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதுல பாதி சரி. ஏர் கிளீனர், டேப்பெட் கவர் ரெண்டுக்கும் பவுடர் கோட்டிங் மாதிரி வேற எதுவும் உழைக்காது, பெட்ரோலுக்கும் அசையாது. ஆனா பொடியை உருக்கற எங்க ஓவன் 180லேர்ந்து 200 டிகிரி வரைக்கும் போகும். ஈயப்பத்து வச்ச எதையும் உள்ள விட முடியாது, பத்து 185 டிகிரி கிட்டயே இளகிடும். பழைய டேங்க்ல பத்து வச்சு ஒட்டுப் போட்டிருப்பாங்க. அதுபோக, கழுவின டேங்க்லயும் பெட்ரோல் ஆவி நிக்கும், ஓவனுக்குள்ள வச்சா குண்டுதான். டேங்க்குன்னு சொன்னாலே நான் வாங்க மாட்டேன். அதுக்கும் எபாக்ஸி, மேல பி.யு.தான்.

மார்க்டூ ஈரோடு:
ரொம்ப நன்றிங்க. அடிக்கறதுக்கு முன்னாடி மண்ணெண்ணெயில கழுவினா போதுமா?

பட்டறை கோவை:
கழுவலாம், ஆனா அதோட நிறுத்தாதீங்க. மண்ணெண்ணெய் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒண்ணை விட்டுட்டுப் போகும். சோப்புத் தண்ணி, அப்புறம் எமரி, அப்புறம் தின்னர் நனைச்ச வெள்ளைத் துணி. துணி வெள்ளையாவே திரும்பற வரைக்கும் துடைக்கணும். சந்தேகமா இருந்தா கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. பரவலா படிஞ்சா சுத்தம். முத்து முத்தா உருண்டா இன்னும் எண்ணெய் இருக்கு. தண்ணி ஊத்தினா சூடு காத்து அடிச்சு உடனே காய வச்சிருங்க, இல்லைன்னா இரும்புல துரு ஏறிடும்.

வேதியியல் வாத்தியார்:
முகத்துக்குத் துணி கட்டிக்கிட்டு பி.யு. அடிக்காதீங்க. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமப் போச்சுன்னா அப்புறம் லேசா வாசம் பட்டாலே மூச்சு இரைக்கும். காகித மாஸ்க் இதுக்கு உதவாது. காத்து தனியா குழாய்ல வர்ற மாஸ்க்கும், பெயிண்ட் அடிக்கற தனி அறையும் (பூத்) இருக்கற பெயிண்டர்கிட்டக் குடுங்க. வீட்டுல குழந்தைங்க இருக்கற இடத்துல ஸ்ப்ரே கன் பிடிக்கவே வேண்டாம்.

அடிச்சதும் ஒரு வாரம் சும்மா விடுங்க. தொட்டா காஞ்சிருக்கும், உள்ள பிணைப்பு முடிஞ்சிருக்காது. கூடவே ஒரு தகரத் துண்டுலயும் அதே பெயிண்டை அடிச்சு வச்சுக்குங்க. வாரம் கழிச்சு பங்க் பெட்ரோல்ல நனைச்ச பஞ்சை அது மேல பத்து நிமிஷம் வைங்க. பஞ்சுல கலர் வரக் கூடாது, நகத்தால அழுத்தினா தடம் விழக் கூடாது. அதுல தேறினா இன்ஜினைப் பத்திக் கவலை இல்லை.

மார்க்டூ ஈரோடு:
அப்டேட்: பெருந்துறை ரோட்டுல பூத் வச்சிருக்கற ஒரு பெயிண்டர்கிட்டக் குடுத்து பிளாக், டேங்க் ரெண்டும் முடிஞ்சது. கவரும் ஏர் கிளீனரும் பவுடர் கோட்டிங் போயிருக்கு. தகரத் துண்டுல பஞ்சு வச்சேன், வெள்ளையாவே எடுத்தேன். நீடில் மாத்தினப்புறம் கார்புரேட்டர் அடியில ஈரமே இல்லை. ஆனா பம்ப்லேர்ந்து வர்ற ஹோஸைக் கழட்டினப்ப வாய்ப்பக்கம் வெடிப்பு வெடிப்பா இருந்துச்சு. கடையில எல்லா ஹோஸும் கறுப்பாத்தான் இருக்கு, எப்படிப் பார்த்து வாங்கறது?

பட்டறை கோவை:
ஹோஸ் மேலயே அச்சடிச்சிருக்கும் தம்பி. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9னு போட்டிருந்தா எடுங்க, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும். ஒண்ணுமே எழுதாத ஹோஸைச் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. கிளிப்பும் புதுசாப் போடுங்க, ஹோஸை அறுக்காத மழுங்கின ஓரம் உள்ளதாப் பார்த்து.