பின்தொடர்கிறவர்களோடு நிலைத்த உறவு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஏடு தைப்பவர்:

கையால் தைத்த குறிப்பேடுகளை இணையத்தில் விற்கும் சிறு தொழில் என்னுடையது. நானும் என் தங்கையும் மட்டுமே இதில் இருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கிய முதல் ஆண்டில், எண்ணிக்கை கூடுவதையே வளர்ச்சி என்று நம்பினேன். எங்களைப் பின்தொடர்ந்து மூன்று நண்பர்களை டேக் செய்தால் ஒரு குறிப்பேடு இலவசம் என்று போட்டி வைத்தோம். நானூறு பேர் இருந்த பக்கம் ஒரே வாரத்தில் மூவாயிரத்தைத் தாண்டியது. வெற்றியாளரை அறிவித்த மறுநாளிலிருந்து ஆட்கள் கழன்றுகொள்ளத் தொடங்கினார்கள். தங்கியவர்களுக்கோ காகிதத்தின் மீதும் தையலின் மீதும் எந்த அக்கறையும் இல்லை. இலவசத்துக்காக வந்தவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை, அழைத்தது நான்தான்.

என் கண்ணைத் திறந்தவர் ஒரு பழைய வாடிக்கையாளர். ஊற்றுப்பேனாவால் எழுதும்போது மை மறுபக்கத்துக்கு ஊறுமா என்று ஒரு பதிவின் கீழே கேட்டிருந்தார். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, விவரங்களுக்கு இன்பாக்ஸில் வரவும்’ என்று வழக்கமான பதிலை ஒட்டினேன். ‘எட்டு மாதங்களுக்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டேன், அன்றும் இதே பதிலைத்தான் தந்தீர்கள்’ என்று அவர் எழுதினார். பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்; ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதே வரி அங்கே இருந்தது. கோபமாகக்கூட அவர் எழுதவில்லை என்பதுதான் என்னை அதிகம் சுட்டது.

அன்று மாலையே கையிருப்பில் இருந்த ஐந்து வகைக் காகிதங்களிலும் மூன்று வகை மைகளால் எழுதி, இரு பக்கங்களையும் படமெடுத்து, மோசமாக ஊறியவற்றையும் மறைக்காமல் வெளியிட்டேன். காகிதத்தின் எடையைவிட அதன் மேல் உள்ள பசைப் பூச்சுதான் மை பரவுவதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தும், 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை 100 கிராம்) என்பதையே பெருமையாக எழுதிக்கொண்டிருந்தோம். அதையும் அந்தப் பதிவில் ஒப்புக்கொண்டேன். கேள்வி கேட்டவர் தம்மிடமிருந்த மைகளைச் சோதித்துப் படங்களை அனுப்பினார். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். இப்போது காகிதம் பற்றிப் புதியவர் யாராவது கேட்டால், நான் பார்ப்பதற்கு முன்பே பழையவர் ஒருவர் பதில் சொல்லிவிடுகிறார், சில நேரங்களில் என்னைவிடச் சரியாகவே.

அதன் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். யார் எதைக் கேட்டார், எதை வாங்கினார், எதில் குறை கண்டார் என்று ஓரிரு வரிகளில் எழுதி வைக்கிறோம். அடுத்த முறை அவர் வரும்போது உரையாடல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பெரிய மென்பொருள் ஏதுமில்லை, எங்கள் குறிப்பேடு ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

மிதிவண்டிப் பட்டறை:

எங்களுக்குப் பாடம் புகார் வழியாக வந்தது. மிதிவண்டி விளக்குகளைப் பொருத்தும் பிடிப்பான் ஒரு தொகுதியில் விரிசல் விட்டது. முதலில் புகார் எழுதியவரின் கருத்தை எங்கள் ஊழியர் நீக்கிவிட்டார். புகார் எழுதியவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார்; நாங்கள் நீக்கியதையும் சொல்லி மறுபடியும் பதிந்தார், இம்முறை பலர் பகிர்ந்தார்கள். விரிசலைப் பொறுத்துக்கொள்ள ஆயத்தமாக இருந்தவர்களும் மறைத்ததைப் பொறுக்கவில்லை. அதே இடத்தில், எல்லோரும் படிக்கும்படி, எந்தத் தொகுதி, ஏன் உடைகிறது, மாற்றுப் பிடிப்பானை எப்படிப் பெறலாம் என்று எழுதிய பிறகே கொதிப்பு அடங்கியது. புகாருக்குக் கீழே ‘இன்பாக்ஸுக்கு வாருங்கள்’ என்று மட்டும் எழுதுவது, அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கும் நூறு பேரின் கண்ணுக்குக் கதவை அடைப்பதாகவே தெரியும். முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றுக்குத்தான் தனிச்செய்தி தேவை; விளக்கம் பொதுவிலேயே இருக்க வேண்டும்.

தாமதத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். வாட்ஸ்அப்பின் வணிகத் தளத்தில், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் நாம் நினைத்தபடி பதில் எழுத முடியும். அதற்குப் பின், வாட்ஸ்அப்பிடம் முன்னரே ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்திகளை, அதாவது முன்கூட்டி எழுதிவைத்த மாதிரிச் செய்திகளை மட்டுமே அனுப்ப முடியும். முதலில் இதைத் தொல்லையாக நினைத்தோம். இப்போது எல்லாத் தளங்களுக்கும் அதையே எங்கள் கெடுவாக வைத்திருக்கிறோம். முழுப் பதில் இல்லாவிட்டாலும், எப்போது கிடைக்கும் என்பதையாவது அதற்குள் சொல்லிவிடுகிறோம்.

கோட்டோவிய ஆசிரியர்:

நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இணையவழியில் ஓவியம் கற்பிக்கிறேன். காணொளிகளில் என் முகமும் வீடும் தெரியும். தொலைக்காட்சியில் தோன்றுகிறவரைத் தமக்கு அறிமுகமானவராகவே பார்வையாளர் உணர்வதை, டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அன்று திரையில் இருந்தவரால் திரும்பப் பேச முடியாது. நம்மால் முடியும் என்பதால், பேசாமல் இருந்தால் அது புறக்கணிப்பாகப் படுகிறது. ஒரு மாணவர் நள்ளிரவில் தம் குடும்பத் துயரங்களை எழுதத் தொடங்கினார். முதலில் ஒவ்வொன்றுக்கும் ஆறுதல் எழுதினேன். சில மாதங்களில் என்னால் முடியாமல் போய், திடீரென நிறுத்தினேன். அவர் காயப்பட்டுப் போனார். தொடக்கத்திலேயே, நான் எந்த நேரத்தில் எதைப் பற்றிப் பேச முடியும் என்று கனிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஏடு தைப்பவரிடம் ஒரு கேள்வி: மக்களைப் பற்றி இப்படிக் குறித்து வைப்பது அவர்களுக்குத் தெரியுமா?

வாங்கும் பக்கத்திலிருந்து ஒருவர்:

எனக்குத் தொழில் எதுவும் இல்லை, பின்தொடர்கிறவன் மட்டுமே. ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் தவறாமல் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறது, பெயரைப் பிழையாக எழுதி. இன்னொரு சிறு விற்பனையாளர், ‘சென்ற முறை உங்களுக்குப் பெரிதாக இருந்ததே, இது ஓர் அளவு சிறியது’ என்று ஒரே வரி எழுதினார். இரண்டாமவரிடம் ஐந்து ஆண்டுகளாக வாங்குகிறேன்.

ஏடு தைப்பவர்:

கோட்டோவிய ஆசிரியரின் கேள்வி நியாயமானது. தொடக்கத்தில் நாங்கள் அதை யோசிக்கவில்லை. ‘என் மகளின் தேர்வு உங்களுக்கு எப்படி நினைவிருக்கிறது?’ என்று ஒருவர் சற்றுத் திடுக்கிட்டே கேட்டார். குறித்து வைத்ததைச் சொன்னோம். அவர் தம்மைப் பற்றிய வரிகளை நீக்கச் சொன்னார், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் படமெடுத்து அனுப்பினோம். அதிலிருந்து காகிதம், அளவு, மை, தையல் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை. குறித்து வைக்கிறோம் என்பதையும் பக்கத்தின் அறிமுகத்திலேயே சொல்லிவிட்டோம். அவர் இன்னும் எங்களைப் பின்தொடர்கிறார். சென்ற மாதம் கோடிடாத ஏடு ஒன்று கேட்டு எழுதியபோது, முன்பு எந்த அளவு வாங்கினார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.