1876-இல் ஸ்க்ராண்டனில் பிறந்தவர் லாக்கவானா கவுண்டி பதிவுகளில் ஏன் இல்லை?

நெல்லைப்_பொண்ணு:

வணக்கம் மக்களே. என் கணவர் வீட்டார் அயர்லாந்து வழி அமெரிக்கர்கள், பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் பக்கம். மாமனாருக்கு அடுத்த கோடையில் எண்பது நிறைகிறது. நம் ஊராக இருந்தால் சதாபிஷேகம் என்று ஊரைக் கூட்டியிருப்போம். இங்கே அதற்கு வழியில்லை, சரி, அவருடைய குடும்ப வரலாற்றைத் தேடிச் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கையில் இருப்பது இவ்வளவுதான். மாமனாரின் தாத்தா (அப்பாவைப் பெற்றவர்) 1876-இல் ஸ்க்ராண்டனில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1909-இல் சுரங்க விபத்தில் இறந்தார், அப்போது பிள்ளைகள் எல்லாம் பொடிசுகள். அவருடைய அப்பா அம்மா அயர்லாந்தின் மேயோவிலிருந்து வந்தவர்கள். நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கும் எல்லிஸ் தீவில் இறங்கியபோது அங்கிருந்த அதிகாரி குடும்பப் பெயரின் முன்னால் இருந்த 'ஓ'வை வெட்டிவிட்டார் என்று தேங்க்ஸ்கிவிங் விருந்துதோறும் மாமனார் சொல்வார்.

ஸ்க்ராண்டன் இருக்கும் லாக்கவானா கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிறப்புப் பதிவுகளைப் பார்த்தால் 1876 என்ற ஆண்டே அதில் இல்லை. பெயரும் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர், அதனால் சும்மா தேடினால் ஆயிரம் பேர் வந்து விழுகிறார்கள். அயர்லாந்துப் பதிவுகள் எல்லாம் தீயில் போய்விட்டன, அந்தப் பக்கம் தேடாதே என்று ஓரகத்தி வேறு சொல்கிறாள். சந்தா கட்டும் தளத்தில் சேரலாமா, இல்லை கவுண்டி நீதிமன்றக் கட்டடத்துக்கே நேரில் போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பத்திரக்காரன்:

அக்கா, நான் பென்சில்வேனியாவில் வீட்டுப் பத்திரங்களுக்கு வில்லங்கம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் கவுண்டி ஏடுகளோடுதான் குடித்தனம்.

முதல் முடிச்சு சுலபம். 1876-இல் லாக்கவானா கவுண்டியே கிடையாது. ஸ்க்ராண்டன் அப்போது லூசர்ன் கவுண்டியில் இருந்தது. 1878 ஆகஸ்டில்தான் லூசர்னைப் பிரித்து லாக்கவானாவை உண்டாக்கினார்கள், பென்சில்வேனியாவில் கடைசியாக வந்த கவுண்டி அதுதான். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறையைப் பிரித்த மாதிரி. பிரிவினைக்கு முந்தைய ஏடுகள் வழக்கமாகத் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும், ஆகவே 1878-க்கு முந்தைய நிலப் பத்திரம், உயில், நீதிமன்றக் கட்டு என்று எது வேண்டுமானாலும் முதலில் லூசர்னின் தலைநகரான வில்க்ஸ்-பாரி, அதற்குப் பிறகு நடந்ததற்கு ஸ்க்ராண்டன்.

ஆனால் பிறப்புப் பதிவுக்காக வில்க்ஸ்-பாரிக்கு ஓடாதீர்கள். பென்சில்வேனியாவில் கவுண்டிகள் பிறப்பு இறப்பைத் தொடர்ச்சியாகப் பதியத் தொடங்கியதே 1893-இல்தான், 1905 வரை அப்படி ஓடியது, 1906 முதல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. திருமண உரிமம் கவுண்டியில் 1885 அக்டோபரிலிருந்து இருக்கும். 1876 பிறப்புக்கு நீங்கள் நம்ப வேண்டியது கத்தோலிக்கத் தேவாலயத்தின் ஞானஸ்நான ஏட்டை. அதில் லத்தீனில் எழுதியிருப்பார்கள், ஜேம்ஸ் 'ஜேக்கபஸ்' ஆகியிருப்பார், மிரள வேண்டாம். ஞானப்பெற்றோர் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அம்மாவின் தங்கையோ அப்பாவின் தம்பியோதான் அந்த இடத்தில் நின்றிருப்பார்கள்.

தொடங்க வேண்டிய இடம் பிறப்பே இல்லை, இறப்பு. 1909 என்றால் மாநில இறப்புச் சான்றிதழ் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த இறப்புச் சான்றிதழ்கள் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், இருவரும் பிறந்த இடம், தகவல் சொன்னவர் யார் என்று எல்லாம் கேட்டிருப்பார்கள். தகவல் சொன்னவர் மனைவி என்றால் மாமியார் பெயரைச் சரியாகச் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பாதி நம்புங்கள்.

அடுத்தது என் சொந்தப் பிரியம், நிலப் பத்திரம். குடும்ப வரலாறு தேடுகிற பலரும் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள், எனக்கு அது பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்கு முன்னால் எழுந்து போகிற காரியமாகத்தான் படுகிறது. ரெக்கார்டர் ஆஃப் டீட்ஸ் அலுவலகத்தில் விற்றவர் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை இருக்கும். இரண்டையும் பாருங்கள். வீடு வாங்கிய பத்திரத்தைவிட, அவர் இறந்து பல வருடம் கழித்து வாரிசுகள் சேர்ந்து விற்ற பத்திரம்தான் புதையல். எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் கல்யாணமாகிப் போன பெண்கள், அவர்களின் கணவர்கள், வேறு மாநிலத்துக்குப் போனவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது வரை ஒரே தாளில் கிடைக்கும். நம் ஊர் தாய்ப்பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று நீளுமே, அதே ருசி.

பழைய அட்டவணைப் புத்தகங்கள் அகர வரிசையில் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பென்சில்வேனியாவின் பல கவுண்டிகளில் ரஸ்ஸல் அட்டவணை என்று ஒன்று உண்டு. குடும்பப் பெயரின் முதல் எழுத்தை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு எல், எம், என், ஆர், டி (T) ஆகிய ஐந்தில் எது முதலில் வருகிறது என்று பார்த்து அந்தப் பகுதிக்குப் போக வேண்டும். கவுண்டரில் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஒரு சங்கதி, சும்மா சுவாரசியத்துக்கு: இந்த மாநிலப் பத்திரங்களில் 'இந்த ஆவணம் நிலத்துக்கு அடியில் உள்ள நிலக்கரியை விற்பதாகாது' என்று ஓர் எச்சரிக்கைப் பத்தி வரும். வீடு உங்களுடையது, அடியில் இருப்பது வேறொருவருடையது. தொழிலாளி தன் வீட்டுக்கடியிலேயே கம்பெனிக்காகச் சுரங்கம் வெட்டிய கதையெல்லாம் அந்தப் பகுதியில் உண்டு.

உயில் இருந்தால் ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ் அலுவலகத்தில் இருக்கும், இல்லாவிட்டாலும் சொத்தை நிர்வகிக்க மனைவி உத்தரவு வாங்கியிருக்கலாம். 'ஆர்ஃபன்ஸ் கோர்ட்' என்றதும் அநாதை இல்லம் என்று தாண்டிப் போகாதீர்கள், அப்பா இறந்த பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமித்த கட்டுகள் அங்கேதான் இருக்கும். சொத்து இருந்த குடும்பத்துக்குத்தான் அது பெரும்பாலும் நடந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கரித்துண்டு:

சுரங்க விபத்து என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 1869-இல் லூசர்ன் கவுண்டியின் ஏவன்டேல் சுரங்கத்தில் தீப்பிடித்து 110 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வந்த சட்டத்தால் சுரங்க ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. 1870 முதல் அந்த அறிக்கைகளில் இறந்த ஒவ்வொருவரும் பெயரோடு இருக்கிறார்கள்: தேதி, வயது, என்ன வேலை, எந்தச் சுரங்கம், எப்படி நடந்தது, விதவை உண்டா, அநாதையான பிள்ளைகள் எத்தனை. பல ஆண்டுகளின் அறிக்கைகள் முழுப் புத்தகமாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1899-இல் தொடங்கும் விபத்துப் பதிவேடுகள் தனியாக மாநிலக் காப்பகத்தில் இருக்கின்றன. தேதி கிடைத்ததும் மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாளைப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் பழைய நாளிதழ்களை இலவசமாக ஏற்றி வைத்திருக்கிறது, ஸ்க்ராண்டன் நாளிதழும் அதில் உண்டு, ஆனால் எல்லா வருடமும் இருக்காது.

வயது முன்பின் இருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். 1885 சட்டம் 12 வயதுக்குக் குறைந்த பையன்களை நிலக்கரி பிரிக்கும் கூடங்களில் வைக்கக் கூடாது என்றது, வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாத பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். அப்படிச் சொன்ன வயதே சிலருக்குக் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1915-இல்தான் வந்தது. 1909-இல் கணவனைப் பறிகொடுத்தவளுக்கு அப்படி உரிமையாகக் கேட்க ஒன்றும் இல்லை. 1910 மக்கள்தொகைக் கணக்கில் அந்தப் பாட்டி எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று பாருங்கள், வீட்டில் வாடகைக்குச் சாப்பாட்டோடு ஆள் வைத்திருந்தாரா, மூத்த பையன் வேலைக்குப் போனானா என்பதெல்லாம் அதில் தெரியும். எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை உயிரோடு இருக்கிறது என்றும் அந்தக் கணக்கில் கேட்டிருப்பார்கள். புத்தகத்துக்கு அந்த ஒரு பக்கம் போதும் என்பேன்.

டப்ளின்_தமிழச்சி:

மாமனார் மனம் நோகாமல் இதைச் சொல்லுங்கள்: எல்லிஸ் தீவு திறந்ததே 1892-இல். பிள்ளை 1876-இல் ஸ்க்ராண்டனில் பிறந்துவிட்டான் என்றால் அப்பா அம்மா எல்லிஸ் தீவில் எப்படி இறங்கியிருப்பார்கள்? நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அது எல்லிஸ் தீவுக்கு முன்பு குடியேறிகள் இறங்கிய காசில் கார்டன், இல்லை ஃபிலடெல்ஃபியா மாதிரி வேறு துறைமுகம். எல்லிஸ் தீவிலும் அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதவில்லை, கப்பல் புறப்பட்ட ஊரில் எழுதிய பயணிகள் பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். 'ஓ' போனது பெரும்பாலும் அயர்லாந்திலேயே, அவர்கள் கப்பல் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே. அதனால் 'ஓ' வைத்தும் வைக்காமலும் தேடுங்கள்.

தீ பற்றி உங்கள் ஓரகத்தி சொன்னது பாதி உண்மை. 1922 ஜூனில் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் நடந்த சண்டையில் ஆவணக் காப்பகம் எரிந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிக் கணக்கெடுப்புகள் பெரும்பகுதி அதில் போயின. ஆனால் கத்தோலிக்கப் பங்குத் தேவாலயங்களின் ஏடுகள் அங்கே இல்லை, அவை அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின, தேசிய நூலகம் 2015 முதல் அவற்றை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. 1864 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவில் உண்டு, அதுவும் இலவசம். 1901, 1911 கணக்கெடுப்பும் அப்படியே. நிலத்தை யார் குத்தகைக்கு வைத்திருந்தார்கள் என்பதற்கு கிரிஃபித் மதிப்பீடு இருக்கிறது, 1847 முதல் 1864 வரை எடுத்தது.

ஆனால் 'மேயோ' என்ற ஒற்றைச் சொல்லோடு இங்கே வராதீர்கள். பங்கு எது, டவுன்லேண்ட் எது என்று தெரிய வேண்டும், நம் கணக்கில் குக்கிராமம் வரை. அந்தத் தகவல் அயர்லாந்தில் இல்லை, ஸ்க்ராண்டனில்தான் இருக்கும்: கல்லறைக் கல்லில், திருமண ஏட்டில், இரங்கல் செய்தியில். இவர் ஒருவரை மட்டும் பார்க்காமல் இவருடைய அத்தை, சித்தப்பா, ஞானப்பெற்றோர் எல்லோரையும் பாருங்கள், ஒருவர் கல்லிலாவது ஊர்ப் பெயர் வெட்டியிருப்பார்கள். மேயோக்காரர்கள் கூட்டமாக அங்கே போனவர்கள், இன்றைக்கும் மேயோவின் பாலினாவும் ஸ்க்ராண்டனும் சகோதர நகரங்கள்.

சும்மா_வாசிப்பவன்:

டிஎன்ஏ சோதனை ஒன்று வாங்கித் துப்பிக் கொடுத்தால் வேலை முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

பத்திரக்காரன்:

@சும்மா_வாசிப்பவன், அது நாலாவது பங்காளி ஒருவர் ஓஹையோவில் இருக்கிறார் என்று சொல்லும். எப்படிப் பங்காளி என்று கண்டுபிடிக்க மறுபடியும் இந்த ஏட்டுக்குத்தான் வர வேண்டும் தம்பி.

அக்கா, சந்தா பற்றிக் கேட்டீர்கள். முதலில் ஃபேமிலிசர்ச் தளத்தைப் பாருங்கள், காசில்லை. பெயர் தேடலில் வராத பத்திரங்களும் உயில்களும் அதில் படங்களாகக் கிடக்கின்றன, கவுண்டி வாரியாகப் புரட்டலாம். இப்போது கையெழுத்தையே படித்துச் சொல் தேடும் வசதியும் வந்திருக்கிறது. சில படங்கள் நூலகத்திலிருந்து பார்த்தால்தான் திறக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் சந்தாவை யோசியுங்கள்.

நெல்லைப்_பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது! அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் முதல் பெயரோடு நிற்கிறது, பிறந்த வீட்டுப் பெயர் 'தெரியாது' என்று எழுதியிருக்கிறார்கள். தகவல் சொன்னவர் அண்ணன், அவருக்கே அம்மாவின் குடும்பப் பெயர் தெரியவில்லையாம், ஆண்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

1880 கணக்கெடுப்பில், இப்போது லாக்கவானாவில், அதே பெற்றோர் பெயரோடு நான்கு வயதுப் பையன் இருக்கிறான். அதே வீட்டில் வேறு குடும்பப் பெயரோடு ஒரு முதியவர், உறவு என்ற இடத்தில் 'மாமனார்' என்று இருக்கிறது. அப்படியானால் பிறந்த வீட்டுப் பெயர் அதுதானே? நேற்று இரவு இதைப் பார்த்துவிட்டுத் தூக்கமே வரவில்லை.

டப்ளின்_தமிழச்சி:

பெரும்பாலும் அதுதான். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மாற்றாந்தந்தையையும் 'ஃபாதர்-இன்-லா' என்ற அதே சொல்லால் எழுதியிருக்கிறார்கள், அதனால் அவர் வீட்டுத் தலைவனின் அம்மாவை மறுமணம் செய்தவராகவும் இருக்கலாம். பையனின் ஞானஸ்நான ஏட்டில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் எழுதுவார்கள், அதைப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

பத்திரக்காரன்:

ஆமாம். அதோடு அந்த முதியவரின் பெயரை வைத்து 1870 கணக்கெடுப்பிலும் தேடுங்கள், இந்தத் தடவை லூசர்னில். அதில் உறவுமுறை எழுதியிருக்க மாட்டார்கள், வயதையும் வரிசையையும் வைத்து ஊகிக்க வேண்டும். குடியுரிமைக் கட்டும் பார்க்கலாம். 1906 செப்டம்பருக்கு முன்னால் எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம் என்பதால் வில்க்ஸ்-பாரி, ஸ்க்ராண்டன் இரண்டிலும் தேட வேண்டும். கிடைத்தாலும் பிறந்த ஊர் இருக்கும் என்று ஆசை வைக்காதீர்கள், அந்தக் காலக் காகிதத்தில் பெரும்பாலும் 'அயர்லாந்து', விக்டோரியா மகாராணி மீதான விசுவாசத்தைத் துறக்கிறேன், அவ்வளவுதான் இருக்கும். நேரில் போவதானால் வார நாளாகப் பார்த்து லீவு போடுங்கள், பழைய ஏடுகள் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.