‘நம்ம வீடு’ குழு: பந்து எவ்வளவு தூரம் போச்சு?

இரவு 8:41

குட்டி: யாராவது இருக்கீங்களா? நாளைக்குக் கணக்குப் பரீட்சை. பெருக்குத் தொடர்ல ஒண்ணு வரவே மாட்டேங்குது

குட்டி: 12 மீட்டர் உயரத்துலேர்ந்து ஒரு பந்தை விடுறாங்க. ஒவ்வொரு தடவையும் முன்ன இருந்த உயரத்துல மூணுல ரெண்டு பங்குதான் எழும்புது. நிக்கிற வரைக்கும் மொத்தம் எவ்வளவு தூரம் போகும்?

அண்ணா: கட்டிலுக்கு அடியில போய் நிக்கும்

குட்டி: போடா

மாமா: 36. முடிவுறாத் தொடர். முதல் உறுப்பை, 1லேர்ந்து விகிதத்தை, அதாவது ஒவ்வொரு தடவையும் பெருக்குற ⅔ஐக் கழிச்சு வர்றதால வகு. 12 ÷ ⅓. அவ்வளவுதான்.

அத்தை: பாத்தியா, எங்க வீட்டுக்காரர் ஒரே நிமிஷத்துல

குட்டி: பின்பக்கம் விடை 60ன்னு இருக்கு மாமா

மாமா: அச்சுப் பிழையா இருக்கும்

சித்தப்பா: பந்து மேலயும் போகுது கீழயும் வருது. 36ஐ ரெண்டால பெருக்கு. 72

அம்மா: 36, 60, 72. புள்ள எதை எழுதும்?

சித்தி: *முன்னனுப்பப்பட்டது* அவசரம்!! இதை இன்றே 10 பேருக்கு அனுப்புங்கள். அலட்சியம் செய்தவரின் போன் மறுநாளே நின்றுவிட்டது!!

அண்ணா: சித்தி 🙏

அண்ணா: பெரியப்பா ஆறு நிமிஷமா டைப் பண்றார். பயமா இருக்கு

இரவு 8:53

பெரியப்பா: குட்டிக்கு. மாப்பிள்ளை சொன்ன சூத்திரம் சரி, அதைப் போட்ட இடம்தான் சரியில்லை. முதலில் படம் போடு. படம் போடாமல் இந்தக் கணக்கைத் தொடாதே. பந்து முதல் 12 மீட்டர் கீழே மட்டும் வருகிறது. அது ஏறி வரவில்லை, நாம்தான் கையில் பிடித்து விட்டோம். தரையில் பட்ட பிறகு 8 மீட்டர் மேலே, அதே 8 கீழே. அடுத்து 5⅓ மேலே, 5⅓ கீழே. ஆகவே 12ஐத் தனியாக எடுத்து வை. தொடர் 8லிருந்து ஆரம்பம். 8 ÷ ⅓ = 24. ஏற்றம் இறக்கம் இரண்டும் சேர்த்து 48. இதோடு 12. மொத்தம் 60. சின்னவன் அந்த முதல் 12ஐயும் இரண்டு தடவை எண்ணிவிட்டான், அதனால்தான் 12 கூடுதல். சின்ன வயதிலிருந்தே எண்ணிக்கையில் அவசரம்.

சித்தப்பா: ஆரம்பிச்சுட்டார்

மாமா: மச்சான், நான் கீழ இறங்கின தூரத்தை மட்டும் சொன்னேன்

பெரியப்பா: அப்படிப் பார்த்தால் 36 சரிதான் மாப்பிள்ளை. இறங்கினது 36, ஏறினது 24.

அத்தை: அதான், அவர் தப்பு சொல்லல

குட்டி: புரியுது. ஆனா முடிவே இல்லாம கூட்டிட்டே போனா பெருசாத்தானே ஆகணும்? 60ல எப்படி நிக்குது?

பெரியப்பா: நல்ல கேள்வி. ஒன்றில் பாதி, மீதியில் பாதி, அதில் மீதியில் பாதி என்று எடுத்துக்கொண்டே போ. ½ + ¼ + ⅛ + … எத்தனை எடுத்தாலும் 1ஐத் தாண்டாது. இடைவெளி பாதி பாதியாகக் குறையும்

அத்தை: தெரியுமே. நிலம் பிரிச்சப்பவே பாத்தோம். பெரியண்ணாவுக்குப் பாதி, மீதியில பாதி அடுத்தவனுக்கு, அதுக்கப்புறம் இருந்ததுல பாதி சின்னவனுக்கு, அதுலயும் மிஞ்சினதுல பாதி எனக்கு

அண்ணா: ½ + ¼ + ⅛ + 1/16 = 15/16

அண்ணா: மீதி பதினாறுல ஒரு பங்கு எங்க?

சித்தப்பா: கிணத்தைக் கேளு

அப்பா: இந்தப் பேச்சு இங்க வேண்டாம்.

இரவு 9:07

பெரியப்பா: கணக்குக்கு வருவோம். சூத்திரம் மறந்தால் பதறாதே. தொடரை ஒரு வரியில் எழுது. அதையே விகிதத்தால் பெருக்கி, ஓரிடம் தள்ளிக் கீழே எழுது. கழித்தால் நடுவில் உள்ளதெல்லாம் அடிபட்டு, முதலும் கடைசியும் மட்டும் நிற்கும். விகிதம் –1க்கும் 1க்கும் இடையில் இருந்தால் அந்தக் கடைசியும் தேய்ந்து பூஜ்யத்தை நெருங்கும். மற்றபடி முடிவுறாக் கூடுதல் சூத்திரத்தைத் தொடாதே. விகிதம் 2 என்றால் அந்தச் சூத்திரம் குறை எண் தரும், அதையும் எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆர்க்கிமிடீஸ் பரவளையத் துண்டின் பரப்பைக் கண்டுபிடித்தபோது 1 + ¼ + 1/16 + … என்ற இதே மாதிரித் தொடர்தான் வந்தது, விடை 4/3. 2,200 வருஷத்துக்கு முன்னால்!

குட்டி: அது பரீட்சைக்கு வருமா பெரியப்பா?

பெரியப்பா: வராது. தெரிந்துகொள்.

சித்தி: நான் அனுப்பினதை யாருமே அனுப்பலையா? எல்லாரும் பாத்திருக்கீங்க, டிக் நீலமா இருக்கு

அண்ணா: சித்தி, நீங்க 10 பேர், அவங்க ஆளுக்கு 10 பேர், இப்படி 10 சுத்து போனா 10 + 100 + 1000 + … = 1,111 கோடியே 11 லட்சத்து 11 ஆயிரத்து 110 பேர். உலகத்துல இருக்கிறதே 800 கோடிக்கு மேல கொஞ்சம்தான்

சித்தி: நான் பத்தே பேருக்குத்தான்டா அனுப்பினேன்

குட்டி: அடுத்தது. 3 + 6 + 12 + … + 1536. எனக்கு 1533 வருது, சரியா?

அம்மா: கடைசில 1536 ஒண்ணே இருக்கே. எல்லாத்தையும் கூட்டினா அதைவிடக் கம்மியா எப்படிடி வரும்?

குட்டி: …

பெரியப்பா: அற்புதம்மா! சூத்திரமே தெரியாமல் பிடித்துவிட்டாய்.

அம்மா: சூத்திரம் தெரியும் அத்தான். மறந்திருந்தேன்.

பெரியப்பா: குட்டி, 1536 ÷ 3 = 512, அது 2இன் 9ஆம் அடுக்கு. நீ உடனே 9 உறுப்பு என்று எழுதிவிட்டாய். ஒன்பது தடவை பெருக்கினோம், சரி. ஆனால் பெருக்காமலே முதலில் நிற்கிற 3ஐயும் எண்ணு. 10 உறுப்பு. 2இன் 10ஆம் அடுக்கு 1024, அதில் 1 கழித்தால் 1023. 3 × 1023 = 3069.

குட்டி: ஆமா!! எப்பவும் இதுலதான் மாட்டுறேன்

மாமா: எல்லாரும்தான்

குட்டி: 5 + 55 + 555 + … இதுல விகிதமே ஒரே மாதிரி வரலையே

மாமா: இதை நான் சொல்றேன் மச்சான். இது பெருக்குத் தொடரே இல்ல, ஆக்கணும். 5ஐ வெளியே எடு, 1 + 11 + 111. 9ஆல பெருக்கி 9ஆலயே வகு. உள்ள 9 + 99 + 999. அது (10 – 1) + (100 – 1) + (1000 – 1). பத்துகளைத் தனியாக் கூட்டு, எத்தனை உறுப்போ அத்தனை 1 கழி. மூணு உறுப்புக்கு 1110 – 3 = 1107. அதை 9ஆல வகுத்து 5ஆல பெருக்கு. 615. நேரா கூட்டிப் பாரு

குட்டி: 615!! சூப்பர் மாமா

அத்தை: 😊😊😊

பெரியப்பா: சரியான வழி. காலை 6 மணிக்கு வீடியோவில் வருகிறேன், இன்னும் நான்கு கணக்கு போடலாம்.

மாமா: நானும் ஆறு மணிக்குத்தான் ஃப்ரீ

அம்மா: புள்ள ஆறு மணிக்கு எந்திரிக்கணுமே

சித்தப்பா: கிணறு விஷயத்தை ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கிறப்பவே பேசிடலாமா? பேச்சு வந்ததால கேக்குறேன்

பெரியப்பா: பார்க்கலாம்.

அப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அத்தை: என்ன அழிச்ச?

சித்தி: *முன்னனுப்பப்பட்டது* இனிய இரவு வணக்கம் 🌹

குட்டி: ஆறு மணிக்கு யார் கூப்பிடுறீங்க, பெரியப்பாவா மாமாவா?