இரண்டு கிலோ குழந்தை: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அஞ்செட்டித் தம்பி:
தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது, எடை இரண்டு கிலோதான். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாட்டியோ தினமும் குளிப்பாட்டி, மூக்கில் எண்ணெய் விட்டு, சர்க்கரைத் தண்ணி கொடுத்தால்தான் பிள்ளை தேறும் என்கிறார். இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டு வழி, ராத்திரியில் யானை பயம் வேறு. எதைப் பார்த்தால் உடனே கிளம்பணும்?

அரூர் அக்கா (செவிலியர்):
தம்பி, எண்ணெயும் சர்க்கரைத் தண்ணியும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தாய்ப்பால் மட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்கணும். எடை ஏறும்வரை குளியல் வேண்டாம், துணி நனைத்துத் துடைத்தால் போதும். அப்புறம், பாட்டியோடு சண்டை போடாதீங்க. தங்கை தூங்கும் நேரத்தில் பிள்ளைக்குத் தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்டு, பாட்டியின் வெறும் நெஞ்சில் சாய்த்து மேலே சேலையால் மூடச் சொல்லுங்க. இதுதான் கங்காரு பராமரிப்பு, யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்வாங்கினால், உள்ளங்கால் மஞ்சளானால், வயிறும் பாதமும் சில்லென்று இருந்தால், காய்ச்சலோ வலிப்போ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. போகும் வழியிலும் பிள்ளை நெஞ்சோடுதான் இருக்கணும்.

தருமபுரிக்காரன்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஒருகாலத்தில் நம் மாவட்டம் என்றாலே பெண் சிசுக்கொலைதான் பேச்சு, வளர்க்க முடியாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்ல 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கேயும் வந்தது. இன்றைக்குப் பச்சிளங்குழந்தைகளைக் கொண்டுபோவது பெரும்பாலும் குறைமாதம், பிறக்கும்போதே மூச்சுத் திணறல், கிருமித் தொற்று. 2020 கணக்கில் நாடு முழுக்க ஆயிரத்துக்கு 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன, தமிழ்நாட்டில் 13. அந்த 13-ஐயும் குறைக்கணும் என்றால் 16, 17 வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதையும், ரத்தசோகையோடு கர்ப்பமாவதையும் நம் ஊர்களில் நிறுத்தியாகணும். தங்கை இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறாரா?

அஞ்செட்டித் தம்பி:
பாதியில் விட்டுவிட்டாள், இன்றே ஆரம்பிக்கச் சொல்கிறேன். பாட்டி நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். எடை பார்க்க எங்கே போவது அக்கா?

அரூர் அக்கா (செவிலியர்):
கிராம சுகாதார செவிலியரை வீட்டுக்கே வரச் சொல்லுங்க, எடை போட்டுப் பார்ப்பாங்க. தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்க.